கீறல்

தெஃப் வைக்கோலில் வைத்தால்தான் முட்டை குலுங்காது.
பதினொன்று.
எண்ணி முடித்த பிறகும் ஷிஃபெராவ்
கூடையை ஒருமுறை தூக்கிப் பார்த்தான்.
எடையில் என்ன தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

சனிக்கிழமைச் சந்தைக்கு மூன்று மணி நேர இறக்கம்,
திரும்ப ஏறி வர நாலரை.
அதற்குள் பதினொன்றும்
உப்பாக, டார்ச் பேட்டரியாக,
பையனுக்கு நாற்பது பக்க நோட்டாக
மாறிவிடும்.
கோழிகள் என்னுடையவையாம்.
காட்டுப்பூனை வரும் இரவில்
எழுந்து ஓடுபவள் நான் என்பதால்
இருக்கலாம்.

அய்னாலெம் வந்தாள், நீலக் குடையும்
மாத்திரை அட்டையுமாக.
ஃபந்தாயேயின் கீழிமையை
விரலால் இழுத்துப் பார்த்து
"வெளுத்திருக்கு" என்றாள்,
சுண்ணாம்பு அடித்த சுவரைச் சொல்வதுபோல.
பதின்மூன்று வயது. மேட்டில் ஏறினால்
பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள்.
சோம்பல் என்று திட்டியிருக்கிறேன்.

"முட்டை கொடு, கீரை கொடு.
சாப்பிட்ட கையோடு காப்பி வேண்டாம்."
சொல்லிவிட்டு
நான் ஊற்றிய காப்பியை
மூன்று சுற்றும் குடித்தாள்.
மறுத்தால் இந்த மலையில்
அடுத்த கதவு திறக்காது
என்று அவளுக்கும் தெரியும்.

மாத்திரை போட்டதும் மலம் கறுத்தது.
உள்ளே ஏதோ அழுகுகிறது என்றாள்
கிணற்றடியில் ஒருத்தி.
மிச்ச அட்டை கூரைச் செத்தையில்
செருகிக் கிடக்கிறது.
எலிகூடத் தொடவில்லை.

புதன் நோன்பு, வெள்ளி நோன்பு,
பெரிய நோன்பு ஐம்பத்தைந்து நாள்.
கோழிக்கு நாள்கிழமை தெரியாது,
இட்டுக்கொண்டே இருக்கும்.
நோன்பில் விலை விழும், தின்னக் கூடாது.
நோன்பு முடிந்தால் விலை ஏறும்,
தின்ன மனம் வராது.
நோன்பு கடவுளுக்கு.
விலை யாருக்கு?

வீட்டில் இருக்கும் தட்டு ஒன்று.
முதலில் அவன், விருந்தாளி இருந்தால் விருந்தாளி,
பிறகு பையன்.
எங்கள் இருவருக்கும் இஞ்சராவின் ஓரம்,
ஷிரோவின் நிறம் மட்டும் ஒட்டியது.

திக்கிம்த் மாதத்தில் ஒரு சனிக்கிழமை
வாசல் கல்லில் கூடை இடித்து
ஒரு முட்டை கீறிவிட்டது.
கீறியதைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள்.
பையன் ஆட்டோடு போயிருந்தான்.
வாட்டி ஃபந்தாயேக்குக் கொடுத்தேன்.
மெதுவாகத் தின்றாள்.
உதட்டோரம் ஒட்டிய மஞ்சளை
நாள் முழுக்கத் துடைக்கவில்லை.

அடுத்த சனி இன்னொன்று.
"கல்லும்மா" என்றாள்.
அதற்கடுத்த சனி
கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
ஒவ்வொன்றாக எடுத்தாள், சின்னதாய் ஒன்றைத் தேர்ந்தாள்,
உள்ளே யாரோ தூங்கும் வீட்டைத் தட்டுவதுபோல்
கல்லில் ஒரு தட்டு.
நான் இருமினேன்.
அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

"வாராவாரம் எப்படி உடையுது?"
"அந்தக் கல் சரியில்லை" என்றேன்.
பொய் நன்றாகவே வந்தது.
அவன் கெட்டவன் இல்லை.
வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றோடு
கடப்பாரை எடுத்தான்.
அரை நாள் தோண்டிக் கல்லைப் பெயர்த்து
மண் அடித்து, தண்ணீர் தெளித்து,
உள்ளங்கையால் வாசலைச் சமன் செய்தான்.
"இனி உடையாது" என்று சிரித்தான்.
ஃபந்தாயே பார்த்துக்கொண்டிருந்தாள்,
கல் இருந்த இடத்தை.

இன்று சனி. கூடையில் பதினொன்றும் முழுசு.
அவள் வாசலுக்கு வரவேயில்லை.
நான்தான் கூடையைத் தூக்கினேன்,
நான்தான் நழுவவிட்டேன்.
மெத்தென்ற மண்.
இரண்டாம் முறை நழுவவிட வேண்டியிருந்தது.

இரண்டு கீறல்.
"ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு?" என்றாள்.
கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்காமல்
என் பக்கம் நகர்த்தியதில் உப்பைத் தூவினாள்,
கை நிறைய.
அது எத்தனை முட்டை உப்பு என்று
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.